காலிபிளவருக்கு வாங்குன பொடி

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். கட்டில்லயே உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு இல்லீங்களே. மோட்டாரு காயில் புகைஞ்சு போச்சுன்னு தொண்டாமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போயிருக்காரு. வந்துருவாரு. வெயில் ஏர்றதுக்குள்ள வந்துருவாரு.

காலிபிளவருக்குப் போரான் சத்து போட்டதைப் பத்திக் கேக்கோணும்னு விவசாய ஆபீசுல இருந்து வந்திருக்கறீங்க. எந்த உரத்தோட கலந்தீங்க, எப்பத் தெளிச்சீங்க, பூவு எடை கூடுச்சா, நெறம் எப்படின்னு. அதெல்லாம் அவரைக் கேட்டா மடமடன்னு சொல்லுவாரு. எனக்கும் கொஞ்சம் தெரியுமுங்க. போரான் போடோணும்னு கண்டுபுடிச்சது அவரு. தின்னு பாத்தது நானு.

சிரிக்காதீங்க கண்ணு. நெசமாத்தான் சொல்றேன்.

மொதல்ல கையில வெச்சிருக்கீங்களே அந்தப் பாக்கெட்டு, அதைப் பைக்குள்ள வெச்சுக்குங்க. கோவிச்சுக்காதீங்க. சத்து மருந்துதான்னு தெரியும். ஆனாலும் பொடின்னு ஒண்ணைக் கண்டா எனக்குக் கண்ணு அதை விட்டு நகராது. என்ன செய்யறது, பழக்கம் அப்படி.

எனக்கொரு கொழுந்தனாரு இருந்தாருங்க. ரங்கராசுன்னு பேரு. என்ற வீட்டுக்காரருக்கு நேர் இளையவரு. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் அவரு வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் அவரு தோட்டம். தக்காளி போட்டிருந்தாரு. அவரு சம்சாரம் அன்னிக்குப் பொறந்த வீட்டுக்குப் போயிருந்துச்சுன்னு காலைல இங்கதான் வந்து சாப்ட்டாரு. தோசை ஊத்துனேன். நல்லாச் சாப்ட்டாருங்க. "அண்ணி, சட்னியில உப்பு எச்சு, ஆனா இன்னொரு கரண்டி போடுங்க"ன்னாரு. கையைக் கழுவிட்டுத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு. மத்தியானம் அந்தத் தக்காளிக் காட்டுக்குள்ள பூச்சி மருந்தைக் குடிச்சுட்டாரு.

ஏன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாதுங்க.

எழவுக்கு வந்தவிக எல்லாம் என்கிட்டத்தான் கேட்டாங்க. "மூஞ்சி எப்படி இருந்துச்சு? எதாச்சும் சொன்னானா? உனக்கு ஒண்ணுமே தெரியலயா?" கடைசியாச் சோறு போட்டவ நாந்தானே. நான் என்னத்தைச் சொல்ல? சட்னியில உப்பு எச்சுன்னு சொன்னாருன்னா சொல்ல முடியும்?

அன்னிக்குப் புடிச்சதுங்க எனக்குப் பயம். எனக்காக இல்லீங்க. எனக்கென்ன, நான் கல்லு மாதிரி. அவருக்காக. கூடப் பொறந்தவன் போயிட்டானே, அந்த வழியிலயே இவரும் போயிட்டா என்ன பண்றதுன்னு. அவரு பேசாம இருந்தாப் பயம். சிரிச்சுப் பேசுனா அதை விடப் பயம். ரங்கராசு சிரிச்சுட்டுத்தானே போனாரு. தோசை இன்னொண்ணு கேட்டார்னாப் போதும் கண்ணு, கரண்டி மாவுச் சட்டியில தாளம் போடும்.

மொத வேலையா நான் என்ன பண்ணுனேன்னா, மோட்டார் ரூம்ல இருந்த பூச்சி மருந்து பாட்டலெல்லாம் எடுத்தாந்து என்ற கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். நான் மேல படுத்திருந்தா அவரு எடுக்க முடியாதில்ல? மருந்து அடிக்கோணும்னா என்கிட்டக் கேட்டு வாங்கோணும். நானே அளந்து ஊத்திக் குடுத்துட்டு, மறுபடி பூட்டிருவேன். சாவி என்ற தாலிக்கயித்துல. ராத்திரியெல்லாம் அந்த வாடை வரும். பழகிப் போச்சு. தூக்கந்தான் வராது. சோறு எறங்காது. ஆனா அதெல்லாம் ஒரு வீட்டைப் பாத்துக்கறவளுக்கு இருக்கறதுதானே.

அப்புறம் அவரு பின்னாடியே போறது. அவரு வரப்புல போனா நான் புல்லறுக்கற மாதிரி வேலியோரமாப் போவேன். அவரு கெணத்து மேட்டுக்குப் போனா நான் கொடத்தைத் தூக்கிட்டு அங்க போவேன். தண்ணி வேணுமா வேண்டாமாங்கறதெல்லாம் இல்லை. அவரு திரும்பிப் பாத்துட்டு வேலையப் பாப்பாரு. சில நாளு நான் கெணத்து மேட்டுல தனியா உக்காந்திருப்பேன், அவரு இன்னும் வரலயேன்னு. கெணறு நல்ல ஆழமுங்க. தண்ணி கருப்பா, ஆடாம, அமைதியா இருக்கும். பாத்துட்டே இருக்கலாம். எத்தனை நேரம் உக்காந்திருப்பேன்னு எனக்கே தெரியாது. திடீர்னு முதுகுப் பக்கம் அவரு நின்னுட்டு, "என்ன புள்ளே இங்க?"ம்பாரு. "உங்களைத் தேடித்தான்"ம்பேன்.

இப்படியே ரெண்டு வருசம் போச்சு. அந்த வருசந்தான் காலிபிளவர் போட்டோம்.

எப்பவும் போடறதுதானுங்க. புரட்டாசி மழைக்கு அப்புறம் நாத்து நட்டோம். தொழுவுரம் போட்டாச்சு, டிஏபி, பொட்டாசு போட்டாச்சு, நட்டு ஒரு மாசத்துல யூரியா வெச்சு மண்ணணைச்சாச்சு. ரெண்டு வயலு. மலையோரத்து மேட்டு வயலு முன்னாடி நட்டது, வீட்டுப் பக்கத்து வயலு பின்னாடி நட்டது. மேட்டு வயல்ல செடியெல்லாம் ஒரு மாதிரியா வந்துச்சு. எலை அகலமா விரியாம, சில செடியில வெறும் நரம்பு மட்டும் சாட்டை மாதிரி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. பூவு வெச்சுச்சுங்க. வெச்சுதே ஒழிய வெள்ளையா வரலை. மொதல்ல தண்ணி பட்ட மாதிரி அங்கங்க ஒரு ஈரத் திட்டு. அப்புறம் அது பழுப்பாச்சு. தேத்தண்ணி சிந்துன துணி மாதிரி. அறுத்துப் பாத்தாத் தண்டுக்குள்ள ஓட்டை. உள்ள பொரபொரன்னு கருகிக் கெடக்குது. மார்க்கெட்டுல யாவாரி கையிலயே வாங்கலை. "மருதாசலம், இதை மாட்டுக்குப் போடு"ன்னுட்டாராம்.

அவரு வந்து என்கிட்ட அதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னாருங்க. சிரிச்சுக்கிட்டே. எனக்கு ரங்கராசு நெனப்பு வந்துருச்சு.

அன்னில இருந்து அவரு காட்டுக்குள்ள குத்த வெச்சு உக்காந்துக்குவாரு. கத்தியை எடுத்து ஒவ்வொரு தண்டாப் பொளந்து உள்ள பாப்பாரு. பாத்துட்டு வெச்சுருவாரு. அடுத்ததைப் பொளப்பாரு. கூப்ட்டாக் காதுல விழுகாது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் அருவாளை வெச்சுட்டு நிப்பேன். கையில ஒரு புல்லு இருக்காது.

ஒரு நாள் மத்தியானம். மோட்டார் சத்தம் திடீர்னு நின்னுச்சு. கரண்டு போயிருக்கும்னு இப்பத் தெரியுது. அப்ப யாருக்கு அதெல்லாம் தோணுது? அடுப்புல கொழம்பு கொதிக்குது. "ஏனுங்க"ன்னு சத்தம் போட்டேன். பதில் இல்லை. இன்னொருக்காக் கூப்ட்டேன். இல்லை. கரண்டியக் கீழ போட்டுட்டு ஓடுனேன். செருப்பு இல்லை. மேட்டு வயலுக்கு ஏறுனா, நடு வயல்ல, செடிக்கு எடையில, அவரு குப்புறக் கெடக்கறாருங்க.

நான் கத்துன கத்துல மலையில மேஞ்ச மாடெல்லாம் மெரண்டுச்சாம், அப்புறம் சொன்னாங்க. அவரு மேல போயி விழுந்துட்டேன். புடிச்சுப் புரட்டறேன், வாயை மோந்து பாக்கறேன், கன்னத்துல அறையறேன். அவரு என்ற கையைப் புடிச்சு, "ஏய், ஏய், மண்ணு எடுக்கறேன் புள்ளே! பரிசோதனைக்கு மண்ணு!"ங்கறாரு. பாத்தா ஒரு குழி வெட்டி, படுத்துக்கிட்டுக் குழிக்குள்ள கையை விட்டு அடி மண்ணைச் சொரண்டிட்டு இருந்திருக்காரு. பக்கத்துல ஒரு துணிப்பை.

அதுக்குள்ள அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. எல்லாருக்கும் ரங்கராசு நெனப்புத்தான். அவரு எந்திரிச்சு மேல இருந்த மண்ணைத் தட்டிட்டு, "ஒண்ணுமில்லீங்க, போங்க"ன்னு சொன்னாரு. அந்த மூஞ்சியப் பாக்கோணுமே. அப்படி ஒரு அவமானம். அந்த மண்ணைக் கூட என் முன்னாடி எடுத்துட்டுப் போகலை. நான் பால் கறக்கற நேரமாப் பாத்து எடுத்துட்டுப் போயிட்டாரு.

நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் வந்து, "சாந்தாமணி, மண்ணுல சத்துப் பத்தலையாம். மழைத் தண்ணி அடிச்சு அடிச்சுக் கழுவிட்டுப் போயிருச்சாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மட்டும் போட்டாப் போதாதாம். நுண்ணூட்டம் குடுக்கோணுமாம். போரான்னு ஒண்ணு. கூட இன்னொண்ணு, மாலிப்டினம். அது துளியூண்டு போதுமாம்"னாரு.

நான் கேட்டுக்கிட்டேன். கேட்டுக்கிட்டனே ஒழிய மனசுக்குள்ள ஏறலை. நான் அவரு மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். ஆத்தாடி, இத்தனை பேச்சுப் பேசறாரே, இத்தனை நாளாப் பேசாதவரு, இது என்னத்துக்குடா சாமீன்னு. "மருந்தா?"ன்னு கேட்டேன். "மருந்தில்லை, உப்பு மாதிரி"ன்னாரு. "பொடியா?"ன்னேன். அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் "ஒண்ணும் வாங்கலை, விடு"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

ஒண்ணும் வாங்கலைன்னு சொன்னவரு மறுநாளு தொண்டாமுத்தூர் போயிட்டு வந்தாரு. வண்டியை நிறுத்துனவரு நேரா வீட்டுக்குள்ள வரலை. மோட்டார் ரூமுக்குப் போனாரு. போயிட்டு வெறும் கையோட வந்தாரு. வந்து சோறு போடுன்னாரு. சாப்ட்டாரு. ரசம் நல்லாருக்குன்னாரு.

ரசம் நல்லாருக்குன்னு அவரு என்னைக்குங்க சொன்னாரு? கல்யாணமாகி இத்தனை வருசத்துல?

அவரு வீட்டுப் பக்கத்து வயலுக்குத் தண்ணி திருப்பப் போனதும் நான் மோட்டார் ரூமுக்குள்ள பூந்தேன். சாக்கை ஒதறுனேன். பழைய பைப்புக்குள்ள கையை விட்டேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால, செவுத்துக்கும் பெட்டிக்கும் எடையில, ஒரு பிளாஸ்டிக் பையி சொருகி இருந்துச்சு. உள்ள வெள்ளைப் பொடி, ரெண்டு மூணு கிலோ வரும். கூட ஒரு குட்டிப் பொட்டலம், விபூதிப் பொட்டலமாட்ட. பேரும் இல்லை, படமும் இல்லை. கடையில மூட்டையைப் பிரிச்சு எடை போட்டுக் குடுத்தது போல.

செடிக்குன்னா எதுக்குங்க ஒளிக்கோணும்? நீங்களே சொல்லுங்க.

செவுத்தைப் புடிச்சுட்டே கீழ உக்காந்துட்டேன். தூக்கி எறிஞ்சுரலாமான்னு பாத்தேன். எறிஞ்சா இன்னொண்ணு வாங்குவாரு. அதை எங்க ஒளிப்பாருன்னு எனக்குத் தெரியாது. கேக்கலாமான்னு பாத்தேன். கேட்டா ஒண்ணுமில்லைம்பாரு. ரங்கராசைக் கேட்டிருந்தாலும் ஒண்ணுமில்லைன்னுதானே சொல்லியிருப்பாரு. அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. இது விசமா இல்லையான்னு தெரிஞ்சுட்டாப் போதும். தெரிஞ்சுக்க ஒரு வழிதான் இருக்குது. மெதுவாப் பிரிச்சு, ஒரு சிட்டிகை எடுத்து, நாக்குல வெச்சேன்.

லேசா இனிச்சுதுங்க. அப்புறம் சோப்பு மாதிரி வழவழன்னு. முழுங்கிட்டேன்.

முழுங்கிட்டு வெளிய வந்து வாய்க்கா மேட்டுல உக்காந்துக்கிட்டேன். ஆனா ஆகட்டும்னு. எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா இது விசம்னு அவருக்குத் தெரிஞ்சு போகும், பயந்துக்கிட்டு அவரு தொட மாட்டாரு. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா இது உப்பு. எப்படிப் பாத்தாலும் அவரு பொழைச்சுக்குவாரு. கணக்குச் சரிதானுங்களே?

வாய்க்காத் தண்ணி சலசலன்னு ஓடுது. ஒரு கொக்கு நின்னுட்டு இருந்துச்சு. செவலை மாட்டுக்கு யாரு பால் கறப்பா, அது என்னையத் தவிர யாரையும் பக்கத்துல விடாதேன்னு நெனச்சேன். அன்னூர்ல குடுத்திருக்கற மக நெனப்பு வந்துச்சு. அவளுக்கென்ன, நல்லா இருக்கறான்னு நெனச்சேன். சத்தியமாச் சொல்றேன் அம்மிணி, அப்ப எனக்குப் பயமே இல்லீங்க. அந்த ரெண்டு வருசத்துல அந்தக் கொஞ்ச நேரந்தான் நான் பயமில்லாம இருந்தேன். அப்படி ஒரு நிம்மதி. கண்ணைக் கூட மூடிக்கிட்டேன்.

அவரு மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. "இங்க என்ன பண்றே?"ன்னாரு.

"ஒண்ணுமில்லை"ன்னேன்.

எம் மடியில அந்தப் பையி. வாயோரத்துல வெள்ளையா இருந்திருக்கும் போல. அவரு பாத்தாரு. மம்பட்டி தோள்ல இருந்து தண்ணிக்குள்ள விழுந்துச்சு. "தின்னியா? அடியே, தின்னியா? துப்பு! துப்பு!"ன்னு என்ற தாடையப் புடிச்சு வாய்க்குள்ள வெரலை விடறாரு. வாய்க்காத் தண்ணிய அள்ளி அள்ளி ஊத்தறாரு. அவரு மூஞ்சி அப்படி வெளுத்து நான் பாத்ததே இல்லீங்க. தம்பி பொணத்தைத் தூக்கறப்பக் கூட அப்படி இல்லை. அப்பத்தான் எனக்கு மறுபடி பயம் வந்துச்சு. ஓகோ, அப்ப இது விசந்தான். இல்லாட்டி எதுக்கு இவரு இப்படி நடுங்கறாருன்னு.

வண்டியில ஏத்திப் பின்னாடி உக்கார வெச்சு, அவரு துண்டாலயே என்னைய அவரு இடுப்போட சேத்துக் கட்டிட்டாரு. விழுந்துருவேன்னு. ரோடு பூரா, "தூங்காதே, பேசு, எதாச்சும் பேசு"ன்னு கத்திக்கிட்டே ஓட்டுனாரு. "என்ன பேசறது?"ன்னேன். "எதையாச்சும்! திட்டு!"ன்னாரு. அவரு முதுகு கிடுகிடுன்னு ஆடுது. நான் முதுகுல கையை வெச்சுத் தடவிக் குடுத்துட்டே போனேன். சாகப் போறவ நானு, சமாதானம் சொன்னதும் நானு.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரு. இவரு சட்டைப் பையில இருந்து கடைச் சீட்டை எடுத்துக் காட்டறாரு. "போராக்ஸுங்க, போரான் சத்துப் பொடி, காலிபிளவருக்கு அடிக்கறதுங்க"ன்னு. டாக்டரு "எவ்வளவு சாப்ட்டீங்க?"ன்னு கேட்டாரு. சிட்டிகைன்னேன். நாடி பாத்தாரு, கண்ணைப் பாத்தாரு, "இதுல ஒண்ணும் ஆகாதுங்க. நெறையத் தண்ணி குடிங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருங்க, பாத்துக்கலாம்"னாரு. நர்சுப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுச்சு. டாக்டரு சிரிக்கலை. அவரை வெளிய போகச் சொல்லிட்டு, என்கிட்டக் கேக்கறாரு. "எதுக்கும்மா சாப்ட்டீங்க? ராத்திரி தூக்கம் வருதா? சாப்பாடு எறங்குதா? தனியா இருக்கறப்ப என்ன நெனப்பு வருது?"

எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. "என்னைய எதுக்குக் கேக்கறீங்க? எனக்கு ஒண்ணும் இல்லை. வெளிய நிக்கறாரே, அவரைப் பாருங்க. பொறந்தவன் போனதுல இருந்து அவருதான் சரியில்லை"ன்னேன். டாக்டரு சரிங்கன்னு தலையாட்டிட்டு, வெளிய போயி அவருகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாரு. அப்பாடா, ஒருத்தராச்சும் அவருக்குப் புத்தி சொல்றாங்களேன்னு எனக்குச் சந்தோசம்.

டாக்டருகிட்டப் பேசிட்டு இவரு வந்து என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்தாரு. அப்புறம், "எதுக்கு அந்த பாட்டலையெல்லாம் உன்ற கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கே?"ன்னு கேட்டாரு.

"நீங்க எடுத்தரக் கூடாதுன்னு."

"நானா?"ன்னாரு. என்ற மூஞ்சியவே பாத்தாரு. "ரெண்டு வருசமா நான் ராத்திரி கண்ணை மூடலை புள்ளே. நீ அந்தப் பெட்டிக்கு மேல படுத்திருக்கே, சாவி உன்ற கழுத்துல. நீ பொரண்டு படுத்தா நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன். நீ கெணத்து மேட்டுக்குப் போனாப் பின்னாடியே வருவேன். நீ எடுத்துத் தின்னுருவியோன்னு பயந்துட்டுத்தான் அந்தப் பொடியவே ஒளிச்சு வெச்சேன்"னு சொல்லிட்டு அழுதாருங்க. ஆஸ்பத்திரிப் பெஞ்சுல, அத்தனை பேருக்கு முன்னாடி, துண்டை வாயில வெச்சுக்கிட்டு.

என்னையப் போயி! எப்படி இருக்குது பாருங்க கதை. நான் அவருக்குக் காவலு இருந்தா, அவரு எனக்குக் காவலு இருந்திருக்காரு. நான் அப்படிப்பட்டவளா? பயம் மனுசனை என்னென்னவெல்லாம் நெனைக்க வெக்குது பாத்தீங்களா.

மறுநாளு அவரு கேட்டாருன்னு தாலிக்கயித்துல இருந்து சாவியக் கழட்டிக் குடுத்தேன். பெட்டியை ரெண்டு பேரும் ஒட்டுக்காத் தூக்கிட்டுப் போயி, தேவைப்படாத மருந்தையெல்லாம் வாங்குன கடையிலயே குடுத்துட்டு வந்தோம். மிச்சம் ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. பூட்டு வெச்ச இரும்பு அலமாரி ஒண்ணு வாங்கி அதுல வெச்சு, சாவியப் பக்கத்துத் தோட்டத்துக்காரரு வீட்டுல குடுத்து வெச்சாரு. வேணுங்கறப்ப அங்க போயித்தான் வாங்கோணும்.

அப்புறந்தான் அந்தப் பொடி செடிக்குப் போச்சு. மேட்டு வயலு கை மீறிப் போச்சு, அதை உழுதுட்டோம். வீட்டுப் பக்கத்து வயல்ல பூவு இன்னும் வெக்கலை. ரெண்டாவது உரம் வெக்கறப்ப யூரியா, பொட்டாசோட போராக்ஸைக் கலந்து செடி ஓரமா வெச்சு மண்ணணைச்சோம். நாந்தான் கலந்தேன். கையில பட்டா எரியுமான்னு அவரைப் பத்துத் தரம் கேட்டேன். அப்புறம் கொஞ்சம் தண்ணியில கரைச்சு, அந்தக் குட்டிப் பொட்டலத்தையும் சேத்து, ஸ்பிரேயர்ல எலை மேல அடிச்சோம். பூவு வெக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா, கொஞ்ச நாள் கழிச்சு இன்னொருக்கா. இதுல எச்சாப் போடக் கூடாதுங்க, எலையோரம் கருகிரும். அதை நீங்க எழுதிக்கோணும். நெறையப் பேரு, நல்லதுதானேன்னு அள்ளிக் கொட்டிருவாங்க.

அடிச்சுட்டு உக்காந்திருந்தோம் பாருங்க, அது ஒரு பயம். எலை விரிஞ்சுது. நல்லா அகலமா, திருநீறு பூசுன மாதிரி விரிஞ்சுது. ஆனா பூவு உள்ள எப்படி இருக்குதோன்னு யாருக்குத் தெரியும்? வெயில் படாம இருக்கட்டும்னு எலைய மடிச்சுப் பூவை மூடிக் கட்டிட்டோம். மூடுனதுக்கு அப்புறம் பிரிச்சுப் பாக்கவும் தைரியம் இல்லை. மேட்டு வயலு மாதிரியே உள்ளுக்குள்ள அழுகிட்டு இருந்தா? காலைல எந்திரிச்சா ரெண்டு பேரும் அங்கதான் நிப்போம். அவரு "நீ பிரி"ம்பாரு. நான் "நீங்க பிரிங்க"ம்பேன். ஒருத்தரும் பிரிக்காம வந்துருவோம்.

கடைசியில ஒரு நாளு அவரே ஒரு செடியப் புடுங்குனாரு. புடுங்கி எலையப் பிரிச்சாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். கத்தி இறங்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. "ஏனுங்க?"ன்னேன். "ஏனுங்க, சொல்லுங்களேன்"ன்னேன். திரும்பிப் பாத்தா, தண்டை ரெண்டாப் பொளந்து உள்ளங்கையில வெச்சுப் பாத்துட்டே நிக்கறாரு. ஓட்டை இல்லை. கருப்பு இல்லை. தேங்காப் பருப்பு மாதிரி வெள்ளைவெளேர்னு, கெட்டியா. பூவும் அப்படித்தான். கையில தூக்குனாக் கனக்குது.

அறுத்தோம். மார்க்கெட்டுக்கு விடிகாலைல டெம்போ வந்துச்சு. எப்பவும் அவரு மட்டுந்தான் போவாரு. லோடு ஏத்தித் தார்ப்பாயைக் கட்டுனதும் நான் வாசல்ல நின்னுட்டு இருந்தேன். எப்படிப் பின்னாடி போறது, மொத பஸ்ஸு எப்ப வரும்னு மனசுக்குள்ள ஓடுது. அவரு டெம்போ கதவைத் திறந்து புடிச்சுக்கிட்டு, "ஏறு. பின்னாடி வர்றதுக்குக் கூடவே வந்துரு"ன்னாரு.

டிரைவருக்கும் அவருக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டேன். பின்னாடி இருந்து பூவு வாசம், பச்சை வாசம், வந்துச்சு. பேரூர் தாண்டுனது நெனப்பு இருக்குது. அதுக்கப்புறம் நெனப்பு இல்லை.

கண்ணை முழிச்சாச் சுள்ளுன்னு வெயிலு. டெம்போ மார்க்கெட்டுக்குள்ள நிக்குது. பின்னாடி லோடே இல்லை, எல்லாம் எறக்கி வித்தாச்சு. டிரைவர்தான் ஆளை வெச்சு எறக்கியிருக்காரு. யாவாரி டெம்போக்கிட்டயே வந்து, பூவைப் பாத்துப் பேசி முடிச்சுட்டுப் போயிட்டாராம். என்ற தலை அவரு தோள்ல கெடக்குது. அவரு அசையாம உக்காந்திருக்காரு. சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு போயிருக்குது. ஒரு கையி மரத்துப் போயித் தூக்கவே முடியலை அவருக்கு.

"எழுப்பறதுதானேங்க?"ன்னேன். "நம்ம சரக்கு, நீங்க எறங்கிப் போயி நிக்க வேண்டாமா?"ன்னு உளறுனேன். அவரு அந்த மரத்த கையைத் தேச்சு விட்டுக்கிட்டே, "சரக்கு கெடக்குது. நீ தூங்கி எத்தனை நாளாச்சு"ன்னாரு.

இப்பவும் மாசம் ஒருக்காக் கோயமுத்தூர்ல ஒரு டாக்டருகிட்டப் போறோமுங்க. அவருக்குத்தான். நான் தொணைக்கு. அந்த டாக்டரம்மா அவருகிட்ட ரெண்டு வார்த்தைதான் பேசும், அப்புறம் அவரை வெளிய உக்கார வெச்சுட்டு என்கிட்டத்தான் நெறையக் கேக்கும். வீட்டுக்காரரைப் பத்தி வீட்டுக்காரியத்தானே கேக்கோணும்? மாத்திரை எழுதுனாங்க. தனியாச் சாப்பிட அவருக்குச் சங்கடமா இருக்கும்னு நானும் ஒண்ணு போட்டுக்கறேன். அவரு பரவால்லீங்க இப்ப. நல்லாத் தூங்கறாரு.

நீங்க எழுதறதுன்னா, உரத்தோட போரான் சேத்துப் போட்டோம், பூவு வெள்ளையா, கனமா வந்துச்சுன்னு எழுதிக்குங்க. நான் டெம்போவுல தூங்குனேன்னு எல்லாம் எழுதிராதீங்க. நான் எங்கீங்க தூங்குனேன்? கண்ணு சும்மா ஒரு சொருகு சொருகுச்சு, அத்தனைதான்.